மீதி ஒன்றரை இன்ச்

தையல்காரர் சங்கம் பிள்ளைகளுக்குப் புதுத்துணி கொடுக்கிறது என்றால், அதைப் போய் ரெடிமேட் கடையில் வாங்குவார்களா? நீங்களே சொல்லுங்கள். எங்கள் துணைத்தலைவர் கண்ணாயிரம் அப்படித்தான் யோசனை சொன்னார். 2012 நவம்பர் மாதம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் சங்கக் கூட்டம். சிதம்பரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் கிறிஸ்துமஸ் விருந்து வைப்பது, அங்கிருக்கும் ஐம்பத்து நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு செட் துணி கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. மொத்தமாகக் கடையில் எடுத்துவிட்டால் அலைச்சல் மிச்சம் என்றார் அவர். எனக்கு வந்ததே ஆத்திரம். ஹோட்டல்காரர்கள் சங்கம் விருந்து வைத்தால் பக்கத்து ஊரில் பார்சல் வாங்கியா பரிமாறுவார்கள் என்று எழுந்து நின்று கேட்டுவிட்டேன். பின்வரிசையில் டீ ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

என் பெயர் பிரிசில்லா. புதுப்பாளையத்தில் பதினோரு வருஷமாக லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். சங்கத்தின் இணைச் செயலாளர். கமிட்டியில் ஒரே பெண். வாய் ஜாஸ்தி என்று பெயர் வாங்கியிருக்கிறேன், அதை மறுக்கப் போவதில்லை.

டீ ஊற்றிய பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டுப் பேர். எல்லாரும் வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கிறவர்கள். மாசச் சந்தா கட்டுகிறார்கள், ஊர்வலத்துக்கு வருகிறார்கள், கூட்டத்துக்கு நாற்காலி போடுகிறார்கள். ஆனால் உறுப்பினர் கார்டு கிடையாது. கடை வைத்திருப்பவருக்குத்தான் கார்டு என்று ஏதோ ஒரு காலத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். கார்டு இல்லாவிட்டால் கூட்டத்தில் கை தூக்க முடியாது, பேச முடியாது, நலவாரியத்துக்கு விண்ணப்பம் போட்டால் சங்கம் கையெழுத்துப் போடாது. மூன்று வருஷமாக நானும் கத்திக்கொண்டிருந்தேன். கண்ணாயிரம் ஒவ்வொரு முறையும் அந்த விதியைப் படித்துக் காட்டி உட்கார்ந்துவிடுவார்.

அன்றைக்குத் தலைவர் ராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். அவர் பேசுவதே அபூர்வம். ஐம்பத்து நாலு செட்டையும் இந்தப் பதினெட்டுப் பேரே தைக்கட்டும், நன்றாக அமைந்தால் விருந்து மேடையிலேயே பதினெட்டு கார்டையும் அறிவித்துவிடுகிறேன் என்றார். கெட்டுப்போனால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கண்ணாயிரம் கேட்டார்.

"அப்பறம் கார்டுங்கற பேச்சே இந்த ரூமுல வரக்கூடாது" என்றார் தலைவர்.

சரி என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். பதினெட்டுப் பேரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலை மளமளவென்று நடந்தது. சிதம்பரம் கீழ வீதியில் கடை வைத்திருக்கும் சபாபதி இல்லத்துக்குப் போய், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அளவெடுத்து, ஆளுக்கொரு சீட்டில் எழுதி எனக்கு அனுப்பினார். அவர் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். நான் அதையெல்லாம் ஒரு நோட்டில் திருத்தமாகப் படியெடுத்துவிட்டுச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன். நோட்டு முதுநகரில் இருக்கும் கட்டிங் மாஸ்டர் சடையப்பனிடம் போனது. அவர் இரண்டு நாள் மேஜையை விட்டு நகராமல் வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுத்தார். பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைத்தார்கள். பையன்களுக்குச் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, பேன்ட். பெண் பிள்ளைகளுக்கு மயில் நீலத்தில் கவுன், கழுத்தில் வெள்ளை லேஸ். துணியைப் பார்க்கவே ஆசையாக இருந்தது.

நடுவில் ஒருநாள் திருவந்திபுரத்திலிருந்து அமராவதி போன் செய்தாள். பதினெட்டுப் பேரில் அதிகம் பேசாதவள், கை மட்டும் பேசும். ஒரு கட்டில் இரண்டாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறது, கவுனைப் பார்த்தால் ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு ஆகும் போலிருக்கிறதே என்றாள். நான் கடையில் கூட்டத்துக்கு நடுவே இருந்தேன். சடையப்பன் மாஸ்டர் வெட்டியதை நீ என்ன குறை சொல்வது, வெட்டினபடி தை என்று பொரிந்துவிட்டுப் போனை வைத்தேன். சரிக்கா என்று அவள் சொன்னதுகூடப் பாதிதான் கேட்டது.

டிசம்பர் இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு வேன் புறப்பட்டது. பின்னாலேயே ஒரு டாட்டா ஏஸில் எட்டு மிதி மிஷின்கள். விருந்தோடு உறுப்பினர்களுக்குப் போட்டியும் உண்டு: ஊசியில் நூல் கோப்பது, பட்டன் கட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு துணியைத் தொட்டு என்ன ரகம் என்று சொல்வது. பெண்கள் ஒரே மாதிரி மெரூன் சேலை எடுத்துக் கட்டியிருந்தார்கள், ஆனால் ஜாக்கெட்டில் ஒருத்தி டிசைன் இன்னொருத்திக்கு இல்லை. புதுச்சத்திரம் தாண்டும்வரை ஒருத்தி முதுகை ஒருத்தி திருப்பிப் பார்த்து, இந்தக் கழுத்தை எப்படி வெட்டினே என்று ஒரே ஆராய்ச்சி. மேடையில் பெயர் கூப்பிட்டால் எந்தக் கையால் கார்டை வாங்குவது என்றுகூட ஒரு விவாதம் நடந்தது. எனக்குச் சந்தோஷத்தில் காலே தரையில் பாவவில்லை.

இல்லத்து வாசலில் பேனர் கட்டியிருந்தது. சங்கத்தில் எல்லா மதத்துக்காரர்களும் உண்டு என்பதால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் முப்பெரும் விழா என்று போட்டிருந்தோம். லால்பேட்டையிலிருந்து வந்த சமையல்காரர் மரத்தடியில் பிரியாணி அண்டாவை ஏற்றியிருந்தார், வாசனை ரோடு வரை வந்தது. பிள்ளைகள் அண்டாவைப் பார்ப்பதா, மிஷினைப் பார்ப்பதா என்று தெரியாமல் அங்கும் இங்கும் ஓடினார்கள்.

போட்டிகள் அமர்க்களப்பட்டன. நூல் கோப்பதில் ஒரு நிமிஷத்தில் முப்பத்தோரு ஊசி கோத்து அமராவதி முதல் பரிசு வாங்கினாள். பிளாஸ்டிக் குடம். கண்கட்டுப் போட்டியில் சடையப்பன் ஒவ்வொரு துணியையும் விரலால் தேய்த்து, இது பாலியெஸ்டர் எழுபதுக்குக் காட்டன் முப்பது, இது ரூபியா ஜாக்கெட் துணி என்று பிளந்து கட்டினார். கடைசியில் யாரோ குறும்புக்கு அவர் கையை இழுத்துக் கண்ணாயிரத்தின் சட்டைக் காலரில் வைத்துவிட்டார்கள். அவர் தடவிப் பார்த்துவிட்டு, இது ரெடிமேட் காலராச்சே, நம்ம ஆள் எவன் இதைப் போட்டுக்கொண்டு வந்தவன் என்று சத்தமாகக் கேட்டார். சங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கண்ணாயிரத்தின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

பன்னிரண்டு மணிக்குத் துணி கொடுத்தோம். பிள்ளைகள் உள்ளே ஓடிப் போய் மாற்றிக்கொண்டு வரிசையாக வெளியே வர வேண்டும், தலைவர் மேடையேறிப் பேச வேண்டும். அதுதான் ஏற்பாடு. பதினெட்டுப் பெண்களும் முன்வரிசையில் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் ஒரு பையன் வந்தான். சட்டைக் கை விரலைத் தாண்டித் தொங்கியது. அளவு மாறிப் போட்டுக்கொண்டான் போல என்று நினைத்தேன். அடுத்தவன் பேன்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். மூன்றாவதாக அனுப்பிரியா என்ற இரண்டாம் வகுப்புக் குட்டி, கவுன் கெண்டைக்காலில் தட்டிக்கொண்டு வர, தோள் ஒரு பக்கம் நழுவ, மகாராணி மாதிரி நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் ஐம்பத்தோரு பேர். ஒருவருக்குக்கூடச் சரியில்லை. பிள்ளைகளுக்கு என்னவோ கொண்டாட்டம்தான், தொங்கும் கையை வீசி ஒருவரையொருவர் அடித்து விளையாடினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நான் ஓடிப்போய் அனுப்பிரியாவை நிறுத்தி டேப்பைப் போட்டேன். பிள்ளைக்கு வேண்டிய உயரம் இருபத்து நாலு. கவுன் இருபத்தொன்பதரை. ஐந்தரை இன்ச் அதிகம் என்று உரக்கவே சொல்லிவிட்டேன். சபாபதி என்று கத்தினேன். அவர் சாவகாசமாக வந்தார். அளவை ஒழுங்காக எடுத்தீரா என்று கேட்டதற்கு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வளர்ற புள்ளைங்களாச்சேம்மா. எல்லாத்துலயும் ரெண்டு இன்ச்சு சேத்துத்தான் எழுதினேன். முப்பது வருசமா அப்படித்தான் எழுதறேன்" என்றார்.

பக்கத்தில் நின்ற சடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி மச்சான். நானும் வளர்ற புள்ளைங்கன்னு ரெண்டு இன்ச்சு விட்டுத்தான வெட்டினேன்."

பெரியவர்களுக்குத் தைக்கும்போது யாரும் இப்படிச் செய்யமாட்டோம். சின்னப் பிள்ளை என்றால் மட்டும் எந்தத் தையல்காரருக்கும் கை தானாக இரண்டு இன்ச் தாராளமாகப் போகும், இன்றைக்குத் தைத்தது அடுத்த தீபாவளிக்கும் ஆகட்டும் என்று. ஒரே ஆள் அளவெடுத்து, வெட்டி, தைத்தால் ஒரே தடவைதான் விடுவார். இங்கே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டதில் தாராளமும் கூடிக்கொண்டே போய்விட்டது.

அதற்குள் கண்ணாயிரம் மைக்கைப் பிடித்துவிட்டார். காலர் விஷயத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. சபாபதி இரண்டு, மாஸ்டர் இரண்டு, ஆக நாலு என்று விரலை மடித்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் மைக் செத்தது. அவர் விடவில்லை, தொண்டையை உயர்த்தினார்.

"மீதி ஒண்ணரை இன்ச்சு எங்கேருந்து வந்துது? தைச்சவங்க கையிலேருந்துதான வந்துது? தையலுக்கு விட்ட எடத்த ஒழுங்கா புடிக்கல. ஊட்டுல ஒக்காந்து தைக்கறவங்களுக்கு கார்டு கேக்கறாங்க."

தலைவர் மேடையில் வைத்திருந்த தாளை எடுத்து நாலாக மடித்தார். பதினெட்டுப் பெயரும் அதில்தான் இருந்தது.

நான் அனுப்பிரியாவின் கவுன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அமராவதி தைத்தது. உள்ளே பிடித்த தையல் மேலிருந்து கீழ்வரை அரை இன்ச், நூல் பிசகவில்லை. கீழ் மடிப்பு சொன்னபடி இரண்டு இன்ச். இந்தக் கை ஒன்றையும் விடவில்லை. அப்படியானால் அந்த ஒன்றரை தையலுக்கு வருவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். சபாபதியின் சீட்டுக்கும் சடையப்பனின் கத்தரிக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு நோட்டு. என் நோட்டு.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று கடையில் உட்கார்ந்து படியெடுக்கும்போது, பாவம் வளர்கிற பிள்ளைகள் என்று ஒவ்வொரு வரியிலும் ஒன்றரை ஒன்றரையாகக் கூட்டி எழுதியிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை பாட்டுக்குச் செய்தது. சீட்டையும் கிழித்துப் போட்டாயிற்று. நான் சொன்னாலொழிய இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. போன் செய்து கேட்டவளுக்குக்கூட நோட்டு விஷயம் தெரியாது. அமராவதி தலையைக் குனிந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் திட்டியதை அவள் அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அசிங்கமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

மேடையேறினேன். மைக் இல்லாதது நல்லதாகப் போயிற்று, எனக்கு எதற்கு மைக்? மீதி ஒன்றரை இன்ச் என்னுடையது என்றேன். நோட்டில் கூட்டி எழுதியது நான், கிழித்தது நான், அமராவதி சந்தேகப்பட்டுக் கேட்டபோது வாயை அடைத்ததும் நான். பர்ஸைத் திறந்து என் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"தலைவரே, தப்பு பண்ண மூணு பேருகிட்டயும் கார்டு இருக்கு. சொன்னபடி செஞ்ச பதினெட்டு பேருகிட்ட இல்ல. இப்ப நீங்க பாத்து செய்யுங்க."

ராஜமாணிக்கம் என் கார்டை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திருப்பித் தருவார் என்று உள்ளூர ஒரு நப்பாசை இருந்தது. தரவில்லை. அதற்குப் பதிலாக, பிரியாணி இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சமையல்காரரைக் கேட்டார். ஒண்ணரை மணி நேரம் என்று பதில் வந்தது. எட்டு மிஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறது, அப்புறம் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்றார்.

சடையப்பன் கத்தரியை எடுத்துவிட்டார். அதிகப்படியை வெட்டிவிடலாம் என்று ஒரு பையனின் சட்டையைப் பிடித்தபோது அமராவதி எழுந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வெட்டாதீங்க மாஸ்டர். நீளத்துல மடிச்சி மடிச்சி மூணு டக்கு புடிப்போம், பக்கத்துல பெரிய தையலா போடுவோம். வருசத்துக்கு ஒரு டக்கு பிரிச்சி உட்டா மூணு கிறிஸ்மஸுக்கு வரும். வளர்ற புள்ளைங்கதான."

சடையப்பன் அவளையே பார்த்தார். பிறகு கத்தரியைப் பையில் போட்டுவிட்டு, எந்த இடத்தில் டக் பிடிக்கலாம் சொல்லும்மா என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. மரத்தடியில் எட்டு மிஷினும் இறங்கின. கரண்ட் இல்லையே என்று யாருக்கும் கவலையில்லை, எல்லாம் மிதிக்கிற மிஷின். சபாபதி மறுபடி அளவெடுத்தார். இந்த முறை உள்ளபடி எடுக்கிறேன் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சத்தியம் செய்துவிட்டு எடுத்தார். நான் பின் குத்திக் கொடுத்தேன். பிள்ளைகள் உள்பனியனோடும் பழைய பாவாடையோடும் மிஷினைச் சுற்றி நின்றுகொண்டு, முடிகிற ஒவ்வொன்றுக்கும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பதினொண்ணு, பன்னெண்டு என்று கத்தினார்கள். நூல் தீர்ந்தால் பாபினைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு அவர்களுக்குள் அடிதடி. நான் நீ என்று மிஷினுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்று டக்குக்கும் பெயர் வைத்துவிட்டார்கள்: மேலே இருப்பது சபாபதி டக், நடுவில் பிரிசில்லா டக், கீழே சடையப்பன் டக்.

கண்ணாயிரம் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பதைத் தாண்டியபோது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெண்ணை எழுப்பிவிட்டு மிஷினில் உட்கார்ந்தார். பக்கத்து மிஷினில் அமராவதி. பிள்ளைகள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கண்ணாயிரம் சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைக்காரர், ஜென்ட்ஸ் கட்டிங்கில் சிதம்பரத்தில் அவருக்குப் பேர் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். அவர் ஐந்தாவது சட்டையை மிஷினிலிருந்து உருவியபோது அமராவதி ஒன்பதாவது கவுனில் நூலை அறுத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தக் கவுனை எட்டி வாங்கினார். டக்கை விரலால் தடவினார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தார், எனக்குத் தெரியும். பிறகு அதை அனுப்பிரியாவின் தலைவழியாகத் தானே மாட்டிவிட்டார்.

ஒன்று முப்பத்தைந்துக்கு ஐம்பத்து நாலு என்ற கூச்சல் எழுந்தது. பிரியாணி அண்டா திறந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்தபோது சிவப்பும் நீலமுமாக, தோள் தோளில் நிற்க, இடுப்பு இடுப்பில் நிற்க, அப்படி ஒரு அழகு. முன்வரிசையில் மறுபடியும் அழுதார்கள். நானும் அழுதேன், ஒளிப்பானேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலைவர் மடித்த தாளைப் பிரித்துக் கண்ணாயிரத்தின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். என்ன சொல்றே என்று கேட்டார். கண்ணாயிரம் எலும்பைக் கடித்து முடிக்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தோம்.

"குடுத்துடுங்க. கார்டு குடுத்தாத்தான நாளைக்கி தப்பு பண்ணா சஸ்பெண்டு பண்ண முடியும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப பாருங்க, எவ்ளோ சவுகரியமா இருக்கு" என்றார்.

ஆமாம், எங்கள் மூன்று பேருக்கும் ஜனவரியிலிருந்து மூன்று மாச சஸ்பென்ஷன். சபாபதி, சடையப்பன், நான். தலைவர் அதில் யார் முகமும் பார்க்கவில்லை.

பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசியில் பொதுக்குழு கூடியது. நாங்கள் மூன்று பேரும் பின்வரிசையில், கார்டு இல்லாதவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். சடையப்பன்தான் டீ ஊற்றினார். முன்னால் பதினெட்டு மெரூன் சேலைகள். பிள்ளைகளுக்குத் தைக்கும்போது வளர்ச்சிக்கு விடும் இன்ச்சை அளவெடுப்பவர் மட்டுமே விட வேண்டும், வேறு யாரும் விடக்கூடாது என்று ஒரு தீர்மானம் வந்தது. முன்மொழிந்தவர் கண்ணாயிரம். வழிமொழிபவர் யார் என்று தலைவர் கேட்டார்.

அமராவதி எழுந்து கையைத் தூக்கினாள். அந்தக் கையிலேயே கார்டையும் பிடித்திருந்தாள், யாராவது கேட்டுவிட்டால் காட்டுவதற்கு. செயலாளர் நோட்டில் எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படித்தார்: வழிமொழிந்தவர் திருமதி அமராவதி, திருவந்திபுரம், உறுப்பினர் எண் இருநூற்றுப் பத்தொன்பது.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். கூடம் முழுக்கக் கை எழுந்தது. என் கையும் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டது. அமராவதி திரும்பிப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"அக்கா, கைய கீழ போடுங்க. ஒங்களுக்கு ஏப்ரல்லதான்."

கீழே போட்டேன். அந்த அறையில் கார்டு இல்லாத ஒரே பெண் அன்றைக்கு நான்தான்.